சுவர் சாரும் லீவே எடுக்காத மச்சினனும்

தலைமை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருத்தியின் அண்ணன் லிஃப்டில் யாரிடமோ சொன்னதாம். அந்த யாரோ, கிளை அலுவலகத்தில் படம் வரையும் படக்காரரிடம் சொல்ல, படக்காரர் அதற்குக் கொஞ்சம் கை கால் ஒட்டவைத்து, காபி மெஷின் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் பரிமாறிவிட்டார்.

"நம்ம கிளையில ஒரே ஒரு ஆள்தான் வேலை செய்றாராம். மிச்சப் பேரெல்லாம் சும்மா வந்து உக்காந்துட்டுப் போறோமாம். அந்த ஒருத்தரை மேனேஜராப் போட்டுட்டு நம்மளை வீட்டுக்கு அனுப்பப் போறாங்களாம்."

"யாரந்த உத்தமர்?" என்றார் கணக்கு எழுதும் கணக்கம்மா.

"பேர் தெரியல. ஆனா ஒரே நேரத்துல முப்பது மிஷின்ல வேலை செய்வாராம். ராத்திரிகூட கைய எடுக்க மாட்டாராம். வந்த நாள்லேர்ந்து ஒரு லீவு கிடையாதாம்."

"அப்ப கல்யாணம் ஆகாத ஆளாத்தான் இருக்கும்" என்று கணக்கம்மா தீர்ப்பு சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் நின்ற சுவர் சார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த கோப்பை நிரம்பி, வழிந்து, விரலைச் சுட்டு, சட்டைக் கைவரைக்கும் வந்துவிட்டது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த உத்தமர் யார் என்று அந்த மாடியில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவருடைய மச்சினன். அவன் அந்த அலுவலகத்தை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது.

அங்கே நடக்கும் வேலை, கடையில் வாங்கும் மின்சாமான் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே, அந்தக் குறிப்புத் தாளைத் தயாரிப்பது. முடி காயவைக்கும் கருவியைக் குளிக்கும்போது பிடித்துக்கொண்டிருக்காதீர்கள், சலவை மெஷினை ஓட்டுமுன் உள்ளே பூனை இருக்கிறதா என்று பாருங்கள் என்று உலகத்தை நாள் முழுக்க எச்சரித்துக்கொண்டிருக்கும் மாடி அது. பெட்டியைப் பிரித்ததும் மக்கள் முதலில் தூக்கிப் போடுவது அந்தத் தாளைத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறப்பதில்லை. படக்காரர் வரைவது பெரும்பாலும் விரல்கள். பட்டனை அழுத்தும் விரல். அழுத்தக் கூடாத பட்டனை அழுத்தப் போய், மேலே சிவப்புக் கோடு வாங்கிக்கொண்ட விரல்.

இத்தனை விரலும் எச்சரிக்கையும் சேர்ந்து குடியிருப்பது ஒரு கறுப்புப் பெட்டியில். துடைப்பம் வைக்கும் அலமாரியின் மேல்தட்டில், செருப்புப் பெட்டி அளவில், பச்சை விளக்கைச் சிமிட்டியபடி அது உட்கார்ந்திருக்கும். மாடியிலுள்ள எந்தக் கம்ப்யூட்டர் மிஷினிலிருந்தும் அதற்குள் போய் ஃபைலை எடுக்கலாம், வைக்கலாம். உள்ளே போக ஒரு பேரும் ஒரு பாஸ்வேர்டும் வேண்டும். அந்தப் பேர்களையும் பாஸ்வேர்டுகளையும் மேய்ப்பதுதான் சுவர் சாரின் உத்தியோகம்.

சுவர் சார் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை, அலுவலகம் வைத்தது. யாராவது பாஸ்வேர்டு அடிக்கப் போகிறார்கள் என்றால், அவர்கள் கை கீபோர்டுக்குப் போகுமுன்னே இவர் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிடுவார். கண்ணை மூடிக்கொண்டால் போதாதா என்று கேட்டால், "கண்ணை மூடினா காது கூர்மையாயிடும். விரல் சத்தத்தை எண்ணத் தோணும்" என்பார். அதனால் சுவரைப் பார்த்து நிற்பதோடு மெல்லிசாக ஒரு மெட்டையும் முனகிக்கொள்வார். ஏடிஎம் வாசலில் முன்னால் நிற்பவர் நம்பர் அடிக்கும்போது இவர் தெருவைப் பார்த்துத் திரும்பிவிடுவார். பின்னால் நிற்பவர், தன்னிடம்தான் ஏதோ கேட்கிறார் போல என்று "என்ன சார்?" என்பார்.

கல்யாணமான புதிதில் ஊர் சுற்றப் போனபோது, மனைவி நம்பர் பூட்டுப் போட்ட சூட்கேஸைத் திறக்கக் குனிந்தாள். இவர் சட்டென்று எழுந்து ஹோட்டல் அறைச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். புதுப்பெண் வெலவெலத்துப்போய், "ஏங்க, நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?" என்று அழ ஆரம்பித்துவிட்டாளாம்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. முதல் வேலையில், தோளுக்குப் பின்னால் நின்று, மேலதிகாரி பாஸ்வேர்டு அடிப்பதைத் தெரியாத்தனமாகப் பார்த்துவிட்டார். அது ஒரு பெண்ணின் பேர். அந்த மாசமே ஒரு விருந்தில் மேலதிகாரியின் மனைவி தன் பேரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டபோது, அது அந்தப் பேர் இல்லை. கையிலிருந்த தட்டோடு அவர் சுவரோரமாகப் போய் நின்றவர், விருந்து முடியும்வரை திரும்பவில்லை. மனுஷன் வாயால் சொல்லாததையெல்லாம் பாஸ்வேர்டில்தான் வைத்திருக்கிறான், அதைப் பார்ப்பதும் அடுத்தவர் குளிப்பதைப் பார்ப்பதும் ஒன்று என்று அன்றைக்கு முடிவு கட்டினார்.

பெட்டி வந்திறங்கிய காலத்தில்தான் வினை ஆரம்பித்தது. ஆளுக்கொரு பேர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு, அதில் ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு சிறப்புக் குறி என்று விதி. காலையில் வைத்ததைச் சாப்பாட்டு வேளைக்குள் மறந்துவிட்டு ஆட்கள் இவர் மேஜை முன்னால் வரிசை கட்டினார்கள். "சார், நான் என்ன வச்சேன்?" என்பார்கள். "எனக்கெப்படிங்க தெரியும்? நான் சுவரைப் பாத்துட்டிருந்தேன்" என்பார் இவர். புதிதாக வைக்கச் சொல்லி மறுபடியும் சுவரைப் பார்ப்பார். திரும்புவதற்குள் அதுவும் மறந்திருக்கும்.

அப்போது மச்சினன் அவர் வீட்டு ஹாலில் இருந்தான். மனைவியின் ஒரே தம்பி. "ரெண்டு வாரந்தான் அக்கா, வேலை கிடைச்சதும் கிளம்பிடுவேன்" என்று ஒரு பையோடு வந்து சோபாவில் காலை நீட்டியவன், நாலு மாசமாகியும் காலை மடக்கவில்லை. அவன் படுத்த இடத்தில் சோபா ஒரு தொட்டிலாகவே ஆகிவிட்டிருந்தது. சும்மா கிடப்பவனை அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனால் வீடு கொஞ்சம் காற்றாடும் என்று இவர்தான் மேனேஜரிடம் சொல்லி, தற்காலிக உதவியாளாகச் சேர்த்துவிட்டார்.

மச்சினன் ஒரு காலைப் பொழுது முழுக்க அந்த வரிசையை வேடிக்கை பார்த்தான். பிறகு சோம்பல் முறித்து எழுந்தான்.

"மாமா, இதுக்கா இவ்ளோ அவஸ்தை? தள்ளுங்க. நீங்க பாட்டுக்குச் சுவரைப் பாருங்க."

பெட்டிக்குச் சொந்தக்காரன் என்று தன் பேரைப் போட்டான். அதே பேரையும் தன் பாஸ்வேர்டையும் ஒவ்வொரு மிஷினிலும் அடித்து, 'நினைவில் வைத்துக்கொள்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டான். ஒரு மத்தியானத்தில் மாடி முழுக்க முடிந்தது. இவரும் மிஷின் மிஷினாக அவன் கூடவே போய், ஒவ்வொரு மேஜைக்கும் அருகிலிருந்த சுவரைப் பார்த்து, முனகிக்கொண்டு நின்றார். சாயங்காலம் வரிசையே இல்லை. மேனேஜர் மச்சினனின் முதுகில் தட்டினார்.

அன்று மாலை வீட்டில்தான் அது நடந்தது.

"மாமா, வைஃபை பாஸ்வேர்டை மாத்திட்டீங்களா? போன் எடுக்க மாட்டேங்குது."

"குடு, நான் அடிச்சுத் தரேன்."

"எதுக்கு உங்களுக்குச் சிரமம்? சொல்லுங்க, நானே அடிச்சுக்கிறேன்."

"சொல்றதுக்கில்ல மாப்ள. போனைக் குடுத்துட்டு அப்படித் திரும்பி நில்லு."

"திரும்பின்னா?"

"சுவரைப் பாத்து."

மச்சினன் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினான். "அக்கா! இங்க வா. உன் வீட்டுக்காரர் என்னைச் சுவரைப் பாத்து நிக்கச் சொல்றார். பள்ளிக்கூடத்துலகூட என்னை யாரும் இப்படி நிக்க வச்சதில்ல."

"அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தாண்டா. என் சூட்கேஸ் கதை தெரியாதா?" என்றாள் அக்கா, சிரித்தபடி.

"அது வேற. என் பாஸ்வேர்டுல இன்னைக்கு இவர் ஆபீஸே ஓடுது. இவர் வீட்டு வைஃபைக்கு நான் திருடனாக்கும்? சொல்லுங்க மாமா, ஒரே வார்த்தை. என்னை நம்புறீங்களா இல்லையா?"

இவர் மனைவியைப் பார்த்தார். கடைசியில், என்ன செய்வதென்று தெரியாமல், இவரே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். மச்சினன் பையை எடுத்தான். கதவு சாத்திய சத்தத்தில் குடை ஸ்டாண்டு விழுந்தது. அடுத்த நாள் வேலைக்கும் வரவில்லை, அதற்கப்புறம் வீட்டுக்கும் வரவில்லை. வேறெங்கோ ஒரு மெத்தைக் கடையில் சேர்ந்துவிட்டதாக அக்காவிடம் மட்டும் போனில் சொன்னான். சோபாவின் தொட்டில் மட்டும் நிமிரவில்லை.

அலுவலகம் பிரமாதமாக ஓடியது. மூன்று மாசத்துக்கொரு முறை பாஸ்வேர்டு மாற்றும் நாள் வரும். சுவர் சார் புதுச்சட்டை போட்டுக்கொண்டு மேஜை மேஜையாகப் போவார். அவரவர் தங்கள் மிஷினின் பாஸ்வேர்டை மாற்றுவார்கள், இவர் திரும்பி நிற்பார், படக்காரர் "அடிச்சாச்சு சார், நீங்க உலகத்தைப் பாக்கலாம்" என்பார். வாசல்களுக்கெல்லாம் புதுப்பூட்டு. ஆனால் வாசலைத் தாண்டி எல்லோரும் பெட்டிக்குள் போனது மச்சினன் பேரில்தான். எல்லோருக்கும் தனித்தனிப் பேர் இருக்கிறதா என்று தலைமை அலுவலகம் வருஷத்துக்கொரு தரம் கேட்கும். ஒழுங்காக இருக்கிறது என்று இவர் பதில் போடுவார். பொய் சொல்கிறோம் என்று தோன்றாதபடிக்கு அந்த நேரத்திலும் சுவரைப் பார்த்துக்கொள்வார்.

காபி சிந்திய கையைத் துடைத்துக்கொண்டு அவர் மேஜைக்கு வந்தபோது மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். உள்ளே மேஜைமேல் போன் ஸ்பீக்கரில் இருந்தது. மறுமுனையில் தலைமை அலுவலக அம்மணி. யார் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று பெட்டியைப் பார்த்தே சொல்லும் புதுப் புரோகிராம் ஒன்றை வாங்கியிருக்கிறார்களாம்.

"அவரைக் கொஞ்சம் பேசச் சொல்லுங்க" என்றாள் அம்மணி, பக்தியோடு.

"அப்படி ஒருத்தர் இங்க இல்லைங்க" என்றார் மேனேஜர். "ஆறு வருஷம் முன்னாடி கொஞ்ச நாள் இருந்தார். போயிட்டார்."

"போனவர் எப்படிங்க நேத்து மத்தியானம் சலவை மெஷின் குறிப்பை முடிச்சார்?"

"அதை முடிச்சது நாங்க."

"உங்க பேருக்கு நேரா பூஜ்யம்னுல்ல இருக்கு? உங்க கிளையில எல்லாருக்குமே பூஜ்யம். பாவம், அவர் ஒருத்தர் தலையிலதான் அத்தனையும். இதுல சம்பளப் பட்டியல்லகூட அவர் பேர் இல்ல. அதைக் கேட்டதும் எங்க பெரியவர் கண் கலங்கிட்டார். இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனான்னு."

சுவர் சார் தொண்டையைச் செருமினார். "அம்மா, அது என் மச்சினனுங்க."

"அப்படியா! இத்தனை நாள் வெளிய சொல்லிக்காம இருந்திருக்கீங்களே. குடும்பத்துக்கே அடக்கம் போல."

இவர் நடந்ததையெல்லாம் சொன்னார். வரிசை, டிக், சுவர் எல்லாவற்றையும்.

"நீங்க சொல்றது நிஜம்னா ஒரு வழிதான் இருக்கு. அந்தப் பேர்ல, பாஸ்வேர்டைக் கையால அடிச்சு, புதுசா ஒருதடவை உள்ள போங்க. சொந்தக்காரர் உள்ள வந்தாத்தான், எந்த மிஷின்ல எவ்வளவு நடந்ததுன்னு அது பிரிச்சுக் காட்டும். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள காட்டினீங்கன்னா சரி. இல்லைன்னா திங்கக்கிழமை அவர்தான் மேனேஜர். மத்தவங்க உங்க சாமானெல்லாம் எடுத்து வச்சுக்கோங்க."

போன் வைக்கப்பட்டது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாஸ்வேர்டு என்னய்யா?"

"தெரியாது சார்."

"ஒவ்வொரு மிஷின்லயும் அவன் அடிச்சப்ப பக்கத்துலயே நின்னீரே?"

"சுவரைப் பாத்து நின்னேன் சார்."

"ஒருதடவைகூடவா திரும்பல? கழுத்து வலிக்கல?"

"வலிச்சுது சார்."

பெட்டியின் பின்பக்கத்து ஓட்டைக்குள் குண்டூசியை விட்டு அமுக்கினால் பாஸ்வேர்டு போய்விடும். ஆனால் கூடவே அத்தனை விரல்களும் எச்சரிக்கைகளும் போய்விடும், யார் எதைச் செய்தார்கள் என்ற சாட்சியும் போய்விடும். அப்புறம் மச்சினனுக்கும் பூஜ்யம், அவ்வளவுதான் லாபம்.

சுவர் சார் வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அன்றைக்கு அவளுக்கு விடுமுறை. தம்பியிடம் பேசிவிட்டு அவள் திரும்ப அழைத்தபோது மணி நாலு.

"ஏங்க, பேசிட்டேன். முதல்ல சிரிச்சான்."

"எவ்ளோ நேரம்?"

"நான் போனைக் கீழ வச்சுட்டுப் போய்த் துணி மடிச்சுட்டு வந்தேன். அப்பவும் சிரிச்சுட்டுதான் இருந்தான். பாவம், மேனேஜர் வேலையே தேடி வந்திருக்கு. அதுவே வேண்டாங்குறான். உங்க எல்லார் வேலையும் போகக் கூடாதாம், பாஸ்வேர்டைத் தரேன்னு சொல்றான்."

இவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நல்ல பையன். நான் எப்பவும் சொல்லுவேனே."

"எப்பச் சொன்னீங்க? இருங்க, இன்னும் முடிக்கல. அதுக்கு முன்னாடி நம்ம வைஃபை பாஸ்வேர்டை நீங்க அவனுக்குச் சொல்லணுமாம். எழுதி அனுப்பக் கூடாதாம். நீங்களே போன் போட்டு, வாயால சொல்லணுமாம். அவன் அதை எனக்குச் சொல்லுவானாம். நான் என் பழைய போன்ல அடிச்சுப் பாத்து, சரியா இருக்குன்னு சொன்னாத்தான் அவனோடதைச் சொல்லுவானாம்."

இவர் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

"அவ்ளோதானே, சொல்லிடுங்க. ஆமா, அது என்னங்க பாஸ்வேர்டு? எனக்கே தெரியாதே. என் போன்லயும் நீங்கதானே அடிச்சுக் குடுத்தீங்க?"

மச்சினன் வந்த நாலாவது மாசத்தில் ஒரு நாள், கால் கழுவாமல் அவன் சோபாவில் ஏறிப் படுத்த எரிச்சலில் மாற்றிய பாஸ்வேர்டு அது. ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், 'மச்சினன் எப்போ போவான்'. முதல் எழுத்து பெரிசு. எண் வேண்டுமே என்று அவன் வந்து எத்தனை மாசம் என்பதற்கு ஒரு நாலு. சிறப்புக் குறி வேண்டுமே என்று கடைசியில் ஒரு கேள்விக்குறி. விதி ஒன்று விடாமல் நிறைவேறியிருந்தது. அவன் கோபித்துக்கொண்டு போன பிறகு அதை மாற்றியிருக்கலாம். ஊருக்கெல்லாம் மூன்று மாசத்துக்கொரு தரம் மாற்ற வைத்த மனுஷன், வீட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து, அந்த வரியைப் பார்த்ததுமே மூடிவிட்டு எழுந்துவிடுவார்.

இப்போது மாற்றலாமென்றால் வீட்டில் இருந்தால்தான் முடியும். வெளியிலிருந்து யாரும் தொடாதபடி பூட்டி வைத்ததும் அவரேதான். பஸ் பிடித்துப் போய்ச் சேரவே ஐந்தரை ஆகும். மனைவியை விட்டு மாற்றச் சொன்னால் 'ஏன்' என்று கேட்பாள். அந்த ஏனுக்குப் பதில், கேள்விக்குறியோடு, அந்தப் பாஸ்வேர்டேதான்.

"ஏங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நான் பழைய போனை எடுத்துட்டு ரூட்டர் பக்கத்துலயே உக்காந்துக்கிறேன். சீக்கிரம் கூப்பிடுங்க அவனை. ஆறு வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் பேசப் போறீங்க, எனக்கு அழுகையா வருது."

சுவர் சார் அறைக்கு வெளியே வந்தார். மாடி முழுக்க அவரையே பார்த்தது. கணக்கம்மா தன் செடித்தொட்டியை ஏற்கனவே அட்டைப்பெட்டிக்குள் வைத்திருந்தார். மேனேஜர் மணியைக் காட்டினார்.

"ஒரு போன் பண்ணணும் சார்" என்றார் இவர். "அதுல நான் ஒரு பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்லணும்."

பிறகு படக்காரர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். கேலி செய்யத்தான் போகிறார் என்று இவர் நினைத்தார். படக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அடுத்து கணக்கம்மா. அப்புறம் ஒருவர் பின் ஒருவராக, நாற்காலிகள் கிரீச்சிட, மாடி முழுக்க எழுந்து அவரவருக்குக் கிடைத்த சுவரைப் பார்த்துத் திரும்பியது. மேனேஜருக்குச் சுவர் கிடைக்கவில்லை. அவர் துடைப்ப அலமாரியைத் திறந்து, பெட்டிக்கு நேரே முகத்தைக் கொடுத்துக்கொண்டார். யாரோ அந்த மெட்டை ஆரம்பித்தார்கள். கொஞ்சம் சுதி பிசகி, எல்லோரும் சேர்ந்து முனகினார்கள்.

இத்தனை முதுகுகளை அவர் ஒரே சமயத்தில் பார்த்ததில்லை. அவருக்கு மட்டும் திரும்பிக்கொள்ள இடமில்லை.

நம்பரை அழுத்தினார். முதலில் என்ன சொல்வது? 'மாப்ள, நல்லாருக்கியா' என்று ஆரம்பிக்கலாமா? 'சிரிக்காமக் கேளு' என்று சொல்லலாமா? நாலு வருமே, அந்த நாலுக்கு என்ன அர்த்தமென்று கேட்டால்? கேள்விக்குறியைக் கேள்வி மாதிரியே இழுத்துச் சொல்வதா, இல்லை 'கேள்விக்குறி' என்று சொல்வதா?

போன் திரையில் மனைவியின் செய்தி வந்து விழுந்தது. 'அவனைக் கூப்பிட்டீங்களா? நான் ரெடி.'

காதில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மெத்தைக் கடையில் வாடிக்கையாளர் யாராவது இருக்கலாம். இல்லை, போனைக் கையில் வைத்துக்கொண்டு, பேரைப் பார்த்துக்கொண்டு, அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கலாம். நாலே முக்காலுக்கு முள் நகர்ந்தது. முதுகுகள் அசையவில்லை, மெட்டு மட்டும் முதலிலிருந்து திரும்ப ஆரம்பித்தது. சுவர் சார் பெரிதாக ஒரு மூச்சை இழுத்து, வார்த்தையை நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டு, அடிக்கும் மணியைக் கேட்டபடி நின்றார்.